யார்கிட்ட கேக்குது?

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் சென்னைக்குப் பக்கத்துக் கடலில் மெதுவாக நகர்ந்தபடி கொட்டித் தீர்த்த நாட்கள். முடிச்சூரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அடையாறு நிரம்பினால் முதலில் தெரிவது எங்களுக்கும் வரதராஜபுரத்துக்கும்தான். வரதராஜபுரத்தில் தரைத்தளத்தில் இருக்கும் அக்கா, மழை வலுப்பதற்கு முன்பே பையனைக் கூட்டிக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்துவிட்டாள். திங்கட்கிழமை காலை போன கரண்ட் வியாழக்கிழமை சாயந்திரம் வந்தது. நெட் வரவில்லை. தெருமுனைக் கம்பத்தில் ஃபைபர் கேபிள் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. செல்போனில் ஒரு கோடு சிக்னல் வரும், போகும்.

அக்கா பையனுக்கு 12 வயசு. பள்ளிக்கூடம் லீவு. கரண்ட் வந்த அரை மணி நேரத்தில் என் லேப்டாப்பை சார்ஜில் போட்டு, தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த கேமைத் திறந்தான். ஒரே ஆள் ஆடுகிற கேம். விலை 4,000 ரூபாய்க்கு மேல். அளவு 90 ஜிபி. டவுன்லோட் ஆக ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆனது. தாத்தா கொடுத்த தீபாவளிக் காசில் அவனே இன்னும் 700 ரூபாய்க்கு ஒரு கூடுதல் அத்தியாயம் வாங்கிச் சேர்த்திருந்தான். கம்பெனியின் பெயர் வந்தது, இசை வந்தது, பிறகு திரை நடுவில் ஒரு பெட்டி வந்தது. சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்.

“மாமா, கேம் இந்த லேப்டாப்லதானே இருக்கு?”

“ஆமாடா.”

“நான் மட்டும்தானே ஆடப்போறேன்?”

“ஆமா.”

“அப்போ அது யார்கிட்ட கேக்குது?”

“கம்பெனிகிட்ட” என்றேன். “என்னன்னு கேக்குது?” என்றான். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதில் என்னிடம் இல்லை. இப்போது எழுத முயல்வது அதைத்தான்.

*

இந்த வீட்டுக்கு இது முதல் வெள்ளம் இல்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு நாங்களும் தரைத்தளத்தில்தான் இருந்தோம். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. தண்ணீர் அலமாரியின் இரண்டாவது தட்டைத் தொட்டபோது அப்பாவும் நானும் ரேஷன் கார்டு, பட்டா, சர்டிபிகேட் ஆகியவற்றைத்தான் எடுத்தோம். புத்தகங்களை எடுக்கவில்லை, கேம் சிடிக்களையும் எடுக்கவில்லை. தண்ணீர் வடிந்தபின் புத்தகங்கள் கூழாகியிருந்தன. கம்ப்யூட்டர் செத்துப்போயிருந்தது. சிடி பவுச்சுக்குள் மட்டும் சேறு.

அம்மா அந்தச் சிடிக்களைப் பாத்திரத்தோடு பாத்திரமாக சோப்புத் தண்ணீரில் கழுவி, கொடியில் துணி கிளிப் போட்டு மாட்டிவைத்தாள். இரண்டு வாரம் கழித்து சானடோரியத்தில் ஒரு நண்பன் வீட்டுக்கு எடுத்துப்போய், பழைய வேட்டித் துணியால் துடைத்துப் போட்டுப் பார்த்தோம். டிரைவ் கொஞ்ச நேரம் கரகரவென்று இழுத்தது. பிறகு ஓடியது. பதினொன்றில் எட்டு ஓடின.

பழைய பொருளுக்கு ஆரத்தி எடுக்கும் நோக்கம் எனக்கு இல்லை. பொருள் என்றால் நனையும், கீறும், தொலையும். எட்டு ஓடியதைச் சொல்பவன் மூன்று ஓடாததையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மூன்றும் ஏன் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும், கீறலைக் கையால் தொட்டுப் பார்க்க முடிந்தது. 2023-இல் என் லேப்டாப் மாடியில் உலர்ந்து பத்திரமாக இருந்தது. 90 ஜிபியில் ஒரு எழுத்துக்கூடச் சேதமில்லை. இருந்தும் திறக்கவில்லை.

*

கேம் ஆடக் கற்றுக்கொண்டது கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோடு பக்கம் இருந்த ஒரு கேம்ஸ் சென்டரில். 2006 வாக்கில் மணிக்கு 20 ரூபாய். எட்டு சிஸ்டம். ஒன்றின் மானிட்டர் எப்போதும் மஞ்சளாகத் தெரியும், அதில் உட்கார்ந்தால் 15 ரூபாய். ஆடியது பெரும்பாலும் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6. சென்டருக்கு நெட் இருந்தது, ஆனால் அது ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்க வருபவர்களுக்கு. எங்களுக்குத் தேவைப்படவில்லை. சர்வர் என்பது கவுன்டரில் அண்ணன் உட்கார்ந்திருக்கும் சிஸ்டம். எட்டு பேரும் அதில் சேர்வோம். அண்ணன் சாப்பிடப் போனாலும் அது ஓடும். சண்டை வந்தால் எழுந்துபோய் அண்ணனிடமே முறையிடலாம். அனுமதி கேட்க வேண்டிய ஆள் நான்கடி தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை நானே சொல்லிவிடுகிறேன். அந்த எட்டு சிஸ்டத்திலும் இருந்தவை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்தும் பர்மா பஜாரிலிருந்தும் வந்த திருட்டுப் பிரதிகள். வெள்ளத்தில் கழுவிய என் சிடிக்களும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கிய கேம் என்று ஒன்றை அந்த வயசில் நான் கண்ணால் பார்த்ததில்லை. உருவாக்கியவர்களுக்கு எங்களிடமிருந்து ஒரு பைசா போகவில்லை. ஆகவே “ஏன் இந்த ஆன்லைன் சோதனை?” என்று கேட்டால், “உங்களால்தான்” என்று கம்பெனி சொல்லலாம். அதில் பாதி நியாயம் உண்டு.

மீதிப் பாதியில்தான் சிக்கல். பூட்டை உடைத்த பிரதியை இறக்கி ஆடுபவனுக்கு அந்தப் பெட்டியே வராது. அவனுடைய பிரதி யாரிடமும் கேட்பதில்லை. பெட்டி வருவது காசு கொடுத்தவனுக்குத்தான். 2006-இல் திருடிய எனக்குக் கிடைத்த சுதந்திரம் 2023-இல் வாங்கிக் கொடுத்த எனக்குக் கிடைக்கவில்லை. இதை ஒரு பன்னிரண்டு வயசுப் பையனுக்கு நேர்மையாக எப்படி விளக்குவது?

*

கேம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். சில கேம்கள் நீ யார், வாங்கினவன்தானா என்று மட்டும் கேட்கும். ஒருமுறை பதில் வந்தால் கொஞ்ச நாள் சும்மா இருக்கும். சில கேம்கள் தங்கள் நினைவையே சர்வரில் வைத்திருக்கும். நீ எவ்வளவு தூரம் வந்தாய், எதைத் திறந்தாய் என்பதெல்லாம் உன் கணினியில் இருக்காது. இன்னும் சில, கணக்கின் ஒரு பகுதியை அங்கேதான் போடுகிறோம் என்று சொல்லும். 2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டி அப்படிச் சொன்னது. காசு கொடுத்து வாங்கியவர்கள் தங்கள் சொந்த நகரத்துக்குள் நுழைய முதல் நாட்களில் வரிசையில் காத்திருந்தார்கள். ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், அதே கேமுக்கு ஆஃப்லைன் வசதி வந்தது. கட்டாயம் என்று சொல்லப்பட்டது ஒரு முடிவு மட்டுமே என்று அன்றைக்குத் தெரிந்தது.

பதில் சொல்லும் சர்வரே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. யூபிசாஃப்ட்டின் தி க்ரூ, 2014-இல் வந்த கார் கேம். தனியாகவும் ஓட்டலாம், ஆனால் நெட் வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். கேம் முழுவதுமாகச் செத்தது. டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் செத்தது. அந்தக் கோபத்திலிருந்துதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கம் கிளம்பியது. ஐரோப்பாவில் அவர்கள் தொடங்கிய மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. கொடுப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லை டிஜிட்டல் கடைக்காரர் போடக்கூடாது என்கிறது அது. கலிஃபோர்னியாவின் சட்டம் கலிஃபோர்னியாவுக்குத்தான். ஆனால் அது கைவைத்தது ஒரு வினைச்சொல்லில் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் ஊரில் இந்தச் சொல்லைப் பற்றி யோசிக்க நமக்கே காரணங்கள் உண்டு. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. 2021-இல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. 2022 ஜூலையில் கடைகளிலிருந்து மறைந்தது. 2023 மே மாதம் மறுபடி வந்தது. தடைக்கான காரணங்களைப் பற்றி இங்கே வாதாடப் போவதில்லை. எங்கள் தெருப் பையன்கள் அதில் சட்டைக்கும் துப்பாக்கி நிறத்துக்கும் கொடுத்த காசு, தங்கள் கைக்கு எட்டாத இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று கம்பெனி, இன்னொன்று அரசு. தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை அவர்கள் முதன்முதலில் தங்கள் வாழ்க்கையோடு சேர்த்துப் படித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

*

அந்த 700 ரூபாய்க் கூடுதல் அத்தியாயத்துக்கு வருகிறேன். தவணை முறையில் கதை விற்பது தமிழ் வாசகனுக்குப் புதுசில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரம் வாரம் வந்தது. வாராவாரம் காசு. அடுத்து என்ன என்று தவிக்கவைத்து முடிப்பதும் வியாபாரம்தான். அப்படியிருந்தும் அதை யாரும் சுரண்டல் என்று நினைக்கவில்லை. ஏன்? தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டு பைண்டு பண்ணினார்கள். அந்த பைண்டு வால்யூம்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்வந்தன. நடுவில் விளம்பரப் பக்கமும் தைக்கப்பட்டிருக்கும், யாரோ எண்ணெய்க் கையால் தொட்ட தடம் இருக்கும். தவணையாக வாங்கியது முழுசாகக் கையில் நின்றது.

கேம்களின் கட்டண இணைப்புகளை ஒரே மூட்டையாகத் திட்டுவது விமர்சனம் ஆகாது. விட்சர் 3-க்கு 2016-இல் வந்த ‘பிளட் அண்ட் வைன்’ ஒரு தனி நாவல் அளவுக்கு உழைப்பு. காசு கேட்டது நியாயம். 2006-இல் ஆப்லிவியன் கேமில் குதிரைக்குக் கவசம் இரண்டரை டாலர் என்று விற்றபோது உலகம் சிரித்தது. அது அலங்காரம், வேண்டாதவர் வாங்காமல் விடலாம். மூன்றாவது வகைதான் கேம் என்ற கலை வடிவத்தையே தின்கிறது. முதலில் ஒரு சலிப்பை உருவாக்குவது, பிறகு அந்தச் சலிப்பிலிருந்து தப்பிக்கும் வழியை விற்பது.

2022 மார்ச்சில் கிரான் டூரிஸ்மோ 7-இல் நடந்தது இதற்குத் துல்லியமான பாடம். ஒரு அப்டேட்டில் பல பந்தயங்களின் பரிசுத் தொகையைக் குறைத்தார்கள். பரிசு குறைந்தால் கார் வாங்க அதிக நேரம் ஓட்ட வேண்டும், அல்லது நிஜக் காசு கொடுக்கலாம். அதே அப்டேட்டில் கோளாறு வந்து சர்வர் 30 மணி நேரத்துக்கும் மேல் நின்றது. தனியாக ஆடும் பகுதியும் கிட்டத்தட்ட முழுக்க நின்றுபோனது. வாசகர்கள் கொதித்தபின் மன்னிப்புக் கேட்டு, பரிசுகளை உயர்த்தினார்கள்.

நாவலில் நீளம் எப்படியோ, கவிதையில் இடைவெளி எப்படியோ, கேமில் கஷ்டம் அப்படி. எங்கே தோற்க வேண்டும், எவ்வளவு நேரம் அலைய வேண்டும் என்பது படைப்பாளி எழுதும் வாக்கியம். அந்த வாக்கியத்தைக் கடைக்காரர் திருத்தத் தொடங்கினால், வாசிப்பவன் நம்பிக்கை போய்விடுகிறது. இந்த மலையை நான் மூன்று மணி நேரமாக ஏறுவது கதைக்காகவா, கல்லாவுக்காகவா? இந்தச் சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் அந்த கேமை ரசிக்க முடியாது, விமர்சிக்கவும் முடியாது. எது கலைஞனின் குறை, எது விற்பனைத் துறையின் திட்டம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

*

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். செடி, கோழிக்குஞ்சு, பழைய மிக்ஸி, ஓடாத கடிகாரம், யார் வீட்டுக் கல்யாண ஆல்பமோ, எல்லாம் தார்ப்பாயில் கிடக்கும். போன வருஷம் அங்கே ஒரு கன்சோல் கேம் டிஸ்க் 300 ரூபாய்க்குக் கிடைத்தது. நண்பனின் கன்சோலில் போட்டோம். டிஸ்க்கில் இருந்தது கதவு மட்டும். வீடு முழுவதையும் நெட்டிலிருந்து இறக்கச் சொன்னது. பெட்டிக்குள் இருந்த தாளில் கூடுதல் அத்தியாயத்துக்கான எண் இருந்தது. முதல் ஆள் அதை எப்போதோ பயன்படுத்திவிட்டிருந்தான். அந்த அத்தியாயம் சந்தைக்கு வராது. அவன் கணக்கோடு ஒட்டிக்கொண்டது.

எங்களைப் போன்ற புறநகர்ப் பிள்ளைகளுக்குக் கலை வந்து சேர்ந்த வழி பெரும்பாலும் இரண்டாம் கை. லெண்டிங் லைப்ரரியில் வாடகைக்கு எடுத்த நாவல், பக்கத்து வீட்டு பைண்டு வால்யூம், அண்ணன் மாற்றிக்கொடுத்த சிடி. முதல் கையில் வாங்கும் சக்தி வந்தது பிறகுதான். இரண்டாம் கையை ஒழித்துவிட்டால் என் அக்கா பையனுக்கு மாமா இருக்கிறார், சரி. மாமா இல்லாத பையன்?

இது ஏழைகளின் பிரச்சனை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023-இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஆய்வு வெளியிட்டது. பிரசுரமான நூல்களில் இத்தனை பங்கு நம் கையிலிருந்து போய்விட்டால் இலக்கிய வரலாறு எழுத முடியுமா? அந்தப் பழைய கேம்களாவது எங்கோ ஒரு பரணில் டிஸ்க்காகக் கிடக்கும். இன்றைய கேமுக்குப் பரண் கிடையாது.

*

‘வெண்பா’ நினைவுக்கு வருகிறது. டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட சின்ன கேம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 1980-களின் கடைசியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு அவளிடம் இருக்கிறது. அதில் கறை, கிழிசல், அழிந்துபோன வரிகள். விடுபட்டதை யூகித்து இட்லியும் புட்டும் சமைப்பதுதான் நாம் ஆடும் ஆட்டம். இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி மேலே போகும் என்று ஒரு கேமில் யோசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. 2024-இல் அதற்கு அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது கிடைத்தது.

அதற்கு இணைப்பு அத்தியாயம் கிடையாது, கடை கிடையாது. கஷ்டம் முழுக்கப் படைப்பாளியுடையது. அழிந்த வரி ஏன் அழிந்திருக்கிறது என்று நமக்குச் சந்தேகமே வருவதில்லை. அது நோட்டு பயணப்பட்டதால் அழிந்தது, கை பட்டதால் அழிந்தது. கிழிந்தாலும் அந்த நோட்டு ஒரு தலைமுறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்பதுதான் கதையே.

ஆனால் நான் வாங்கிய ‘வெண்பா’ டிஜிட்டல் பிரதி. என் கணக்கில் ஒரு உரிமமாக இருக்கிறது. அதை அக்கா பையனுக்கு எழுதிவைக்க முடியாது. கை மாறும் நோட்டைப் பற்றிய கேம் கை மாறாது. குற்றம் அந்தச் சின்னக் குழுவுடையது இல்லை. எந்தக் கடையில் வைத்தாலும் இன்றைக்கு விற்பனையின் இலக்கணம் இதுதான்.

*

எல்லா கேமையும் என்றென்றைக்கும் ஓடவிடு என்று கேட்பது முட்டாள்தனம். நூறு பேர் சேர்ந்து ஆடும் கேமுக்கு சர்வர் வேண்டும், சர்வருக்கு மாதாமாதம் செலவு, ஆள் சம்பளம். நான் கேட்பது அதைவிடச் சின்னது. தனியாக ஆடும் பகுதி தனியாகவே திறக்கட்டும். கடையை மூடும்போது சாவியை வாங்கியவனிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். இது நடக்கக்கூடியதுதான். நாக்அவுட் சிட்டியை 2023 ஜூனில் நிறுத்தியபோது, ஆட்டக்காரர்கள் தாங்களே சர்வர் நடத்திக்கொள்ளும் பிரதி ஒன்றை வேலன் ஸ்டூடியோஸ் இலவசமாகக் கொடுத்தது. தி க்ரூவைக் கொன்ற அதே யூபிசாஃப்ட், அதன் அடுத்த பாகங்களுக்கு ஆஃப்லைன் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. யாரும் கத்தாமல் இருந்திருந்தால் அறிவித்திருப்பார்களா தெரியாது. ஜிஓஜி என்ற கடை, எந்தச் சோதனையும் கேட்காத இன்ஸ்டாலரையே கொடுத்து 2008 முதல் பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

‘எப்போதும் இணைப்பில் இரு’ என்று ஒரு கேம் சொல்லும்போது அது ஒரு வாசகனைக் கற்பனை செய்துகொள்கிறது. அவன் வீட்டுத் தெருவில் ஆறு நுழையாது. கம்பம் சாயாது. அவனுக்கு அக்கா வீட்டுக்கு ஓடிவர வேண்டிய டிசம்பர் கிடையாது. அந்த வாசகன் முடிச்சூரில் இல்லை. என் அக்கா பையன் கேட்டதற்கு நான் இப்போது சொல்லக்கூடிய பதில் இவ்வளவுதான்: அது உன்னிடம் பணம் வாங்கியபோது உன்னை யாரென்று கேட்கவில்லை. உன்னிடம் கொடுத்ததைத் திறக்கும்போதுதான் கேட்கிறது.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். ஐப்பசி மழை ஆரம்பிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அவனும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு கேமாகத் திறந்து பார்ப்போம். திறப்பதற்கு ஒரு டிக், திறக்காததற்கு ஒரு பெருக்கல் குறி. போன முறை 41-இல் 26 திறந்தன. பட்டியலை அவன் நோட்டில் பேனாவால் எழுதிவைத்திருக்கிறான். ‘வெண்பா’வுக்கு டிக்.

கடைசியாக அந்தத் தீபாவளி கேம். பெட்டி வந்தது. அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “இது நம்மளோடது இல்ல மாமா” என்று சொல்லி, 90 ஜிபியையும் அழித்தான். அடுத்த கேமைத் திறந்தான்.